கடைசி சீட்டுக் கல்

போடிக்குக் குடிவந்த புதிதில், மலையைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் கடைசி சீட்டைப் பிடித்தேன். காலடியில் ஒரு கல் கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று அடிவாரத்திலேயே வெளியே தள்ளிவிட்டேன்.

செங்குத்தான வளைவில் இன்ஜின் அணைந்து, ஜீப் பின்னோக்கி நழுவியது. பின்னால் பள்ளம்.

"பிரேக்கு பிடிக்கல. வெரசா கல்லப் போடு தம்பி" என்றார் டிரைவர்.

பக்கத்திலிருந்த தோட்டவேலைக்கார அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு குதித்தார். சாலையோரக் கல்லொன்றை இருவருமாகத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். ஜீப் நின்றது.

"கடைசி சீட்டுக்காரனுக்குக் கல்லு போடுறதுதான் சோலி, அப்பு. நீ காத்து வாங்க ஒக்காந்தியோ?" என்றார் அக்கா.

ஜீப் கிளம்பியதும் அந்தக் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளத்தாக்கில் மேகம் இறங்குகிறது என்று யாரோ காட்டினார்கள். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.