மாடிக்கு ஏறாத கட்டில்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்பார்கள். தைத்து முடிந்த உடுப்புகள் அவள் மேசைக்குத்தான் வரும். நூல் பிரிந்த இடம், கோணல் தையல், இடம் மாறிய பித்தான், எது கண்ணில் பட்டாலும் அங்கே அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவாள். குப்பைக்கு அல்ல, சரி செய்து வாங்கத்தான். ஆனாலும் அந்தச் சிவப்பைக் கண்டால் தையல்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சந்தேகம் அவளுக்குச் சம்பளம் வாங்கித் தருகிற குணம். அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வா என்றால் வருமா? வீட்டில் ஒழுகுகிற குழாயில் ஒரு ஸ்டிக்கர், பிடி ஆடுகிற வாணலியில் ஒரு ஸ்டிக்கர். ஒருமுறை குறட்டை விட்ட புருஷன் மூக்கிலேயே ஒட்டிவிட்டாள். அந்த மனிதர் அது தெரியாமல் கடைத்தெரு வரை போய் வந்தார். வந்து கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

பருவங்களையும் அவள் நம்புகிறவள் இல்லை. அதற்கும் தொழிற்சாலைதான் காரணம். ஊரே வெயிலில் வேகும்போது அங்கே குளிர்காலக் கோட்டு தைப்பார்கள். மடியில் கம்பளி கிடக்க முதுகில் வியர்வை ஓடும். மழை கொட்டும்போது கையில்லாத கவுன் வந்து குவியும். அதனால் என்ன காலம் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவள் புருஷனைத்தான் பார்ப்பாள்.

அவர் மொட்டை மாடிகளுக்குப் பூச்சு பூசுகிறவர். மழைக்கு முன்னால் விரிசல் அடைப்பார். வெயிலுக்கு முன்னால், வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்க மாடித் தரைக்கு வெள்ளை அடிப்பார். வருஷத்தின் முதல் வெள்ளை சொந்த மாடிக்குத்தான். அது காய்ந்ததும் மடக்குக் கட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்து இரும்பேணியில் விறுவிறுவென்று ஏறுவார். பாயும் தலையணையுமாக அவள் பின்னாலேயே போவாள். முதல் மழை வரை படுக்கை அங்கேதான். மழை வந்தால் கட்டில் கூடத்துக்கு இறங்கும். குளிர் வந்தால் அடுப்புச் சூடு தங்கும் சமையலறைச் சுவரோரம் போய்விடும். கட்டில் கிடக்கிற இடத்தை வைத்தே அந்த வீட்டில் மாதம் சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் கட்டில் அசையவே இல்லை. சுவரைத் தொட்டால் சுடுகிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, கட்டில் இன்னும் சமையலறைச் சுவரோரமே கிடக்கிறது.

"எப்பங்க நம்ம மாடிக்கு வெள்ளை அடிக்கப் போறீங்க?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரமும் அதே பதில்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாலாவது விட்டிருப்பாள். அவர் பூச்சு வாளியைப் பார்த்துச் சொன்னார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

மறுநாள் அவருடைய வேலை உடுப்புகளைத் துவைக்க எடுத்தவள் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். மாடி பூசுகிறவன் மண்டியிட்டுத்தான் பூச வேண்டும். கால்சட்டை முட்டியில் வெள்ளை காய்ந்து அட்டையாகி நிற்கும். இதில் முட்டி சுத்தமாக இருந்தது. ஆனால் சட்டைக் கையில் நீலம், பச்சை, போதாததற்கு ரோஸ். எந்த மொட்டை மாடிக்கு எவன் ரோஸ் அடிக்கிறான்?

பக்கத்து மேசைக்காரியிடம் வாய்விட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது.

"ரோஸ்னா பொம்பளை ரூம்தான் அக்கா. எங்கேயோ வீடு பாத்து வெச்சிருக்காரு. நீங்க வேணா பாருங்க."

சிரித்துத் தள்ளிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அன்று அவள் கையிலிருந்து தப்பும் தவறுமாக எத்தனை கோட்டு தப்பிப் போனதோ தெரியாது. அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதர் இல்லாமல் ஒரு வெயில் வந்தால் அதை எங்கே படுத்துக் கழிப்பது?

வார விடுமுறை அன்று, "இன்னிக்கும் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்பே கிளம்பித் தெருமுனையில் நின்றாள். அவர் வாளியோடு வந்தார். அவரை முன்னே போகவிட்டுப் பின்தொடர்ந்தாள். கடைத்தெருவில் ஒரு பெயிண்டுக் கடைக்குள் நுழைந்தவர், வாளியை மூலையில் வைத்துவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க உட்கார்ந்தார். எதிரே நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே ரோஸ் நிறம் சுழன்றுகொண்டிருந்தது.

அவளுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு சந்தேகமும் திரும்பி வந்தது. கடையில் சாயம் கலக்குவது களவா, இதை எதற்கு மறைக்க வேண்டும்?

"அண்ணே, மேல் தட்டுல அந்த வெள்ளை டப்பாவை எடுங்க" என்றார் கடைக்காரர்.

அவர் எழுந்து ஏணியண்டை போனார். முதல் படி. இரண்டாவது படி. அங்கே நின்றுவிட்டார். இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்தார், முட்டி வெடவெடவென்று ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி இறங்கினார்.

"கையில பெயிண்டு, வழுக்குது" என்றார். கடைக்காரர் தாமே ஏறி எடுத்தார்.

போன மழையில் ஒரு நாள் இவர் நொண்டிக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "மாடியில கால் லேசா சறுக்கிச்சு, ஒண்ணுமில்ல" என்றார். மாடியிலிருந்து விழுந்ததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். கிழிந்திருந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தைத்துக் கொடுத்தவள் அதற்குள் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. செக்கிங் அக்காவாம், பெரிய செக்கிங் அக்கா! லாரிக்குப் பின்னாலேயே நின்று அழுதாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இந்த வருஷம் மாடி வேண்டாம். இடது முழங்கால் உயிர் போகுது. கட்டிலை ஜன்னலோரம் போட்டுக்கலாம்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "சரி, உனக்காகத்தான்" என்றார்.

இருவருமாகக் கட்டிலை நகர்த்தினார்கள். அவள் சடாரென்று குந்தி, கட்டிலடியில் தவழ்ந்து போய்ப் பெட்டியை இழுத்து வந்தாள். ஜன்னலுக்கு ஒரு ஈரத்துணி கட்டினாள். உட்கார்ந்ததும் மறக்காமல் முழங்காலைத் தேய்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எந்த முழங்கால்னு சொன்னே?"

"வலதுங்க."

அவர் ஆணியில் தொங்கிய அவள் பையைத் துழாவி ஸ்டிக்கர் அட்டையை எடுத்தார். ஒன்றை உரித்து அவளுடைய வலது முழங்காலில் ஒட்டினார்.

"இதுல கோளாறு இருக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"கடையில எதுவரைக்கும் பாத்தே?" என்றார் மெதுவாக.

"ரெண்டாவது படி வரைக்கும்."

 அவர் இன்னொரு ஸ்டிக்கரை உரித்துத் தன் முட்டியில் ஒட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குப்பையில போட்டுட மாட்டியே?"

"என் மேசையிலேருந்து எதுவும் குப்பைக்குப் போனதில்லைங்க" என்றாள் அவள்.

அன்று காற்று துளிகூட இல்லை, ஈரத்துணியும் காய்ந்துவிட்டது. ஆனாலும் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள்.