கடைசியாக ஏற்றிய கட்டுரை

கயல்விழிக்கு "முடியாது" என்று சொல்ல வராது. "ஏனுங்க, இதைக் கொஞ்சம்..." என்று யாராவது இழுத்தாலே போதும், மீதியைக் கேட்காமலே "சரிங்க" என்றுவிடுவாள். தங்கமான பிள்ளை என்று வகுப்பே மெச்சியது. தங்கத்தை உரசிப் பார்ப்பதும் உருக்கி எடுப்பதும் அடுத்தவர்கள்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அவளுடைய சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா பொன்னாத்தாள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவள். அன்றிலிருந்து கொழுந்துதான் பறிக்கிறாள். தொழிலாளர் வரிசையில் குடியிருக்கும் லயன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். உழைக்கும்வரை கூரை, அவ்வளவுதான். வரும் கோடையோடு பொன்னாத்தாளுக்கு ஓய்வு. அதற்குள் மகள் கோயம்புத்தூரில் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால், ஒற்றை அறையாவது வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கீழே கூட்டிவந்துவிடலாம். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அல்லது அம்மாவின் இடத்தில் மகள் பேர் பதிந்து, கொழுந்து வெட்டும் கத்திரியைக் கையில் பிடிக்க வேண்டும்.

அவள் படித்தது அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில், பி.ஏ. இங்கிலீஷ். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கிலீஷை மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் கக்கிவிட்டு வந்தவர்கள். கைபேசியில் கட்டைவிரலால் மின்னல் மாதிரி தட்டுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தால் ஒற்றை விரல், கோழி தானியம் பொறுக்குவதுபோல, எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும். நாலு வரி சொந்தமாக எழுது என்றால் முகம் வெளிறிவிடும். கயல்விழி மட்டும் வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்தவள். அதைவிடப் பெரிய விஷயம், மனதில் பட்டதை இங்கிலீஷில் அவளால் எழுத முடிந்தது. தினமும் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றைப் பத்து வரி எழுதி எழுதியே வந்த பழக்கம் அது.

கடைசி செமஸ்டரில் எழுத்துக்கும் டிஜிட்டல் திறனுக்கும் சேர்த்து ஒரு பேப்பர். சைதன்யா மேடம் எடுத்தார். உங்கள் ஊரில் நீங்கள் பார்த்த ஓர் உழைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி, டைப் செய்து, கல்லூரியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றார். யார் எழுத்து யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று ஒரு மென்பொருள் பார்த்துச் சொல்லும். ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததையும் பிடித்துவிடும் என்று வகுப்பில் ஒரே பயம். மெஷினிடம் கேட்டால்தானே மாட்டுவோம், கயலிடம் கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எல்லாரும் அவளிடம் வந்தார்கள்.

அவளிடம் லேப்டாப் கிடையாது. அறைத்தோழி பிரீத்திகாவின் லேப்டாப்தான் அவளுக்கும். பிரீத்திகாவின் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பிரீத்திகா கெட்டவள் இல்லை. வீட்டிலிருந்து எது வந்தாலும் பாதியைக் கயலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்பாள்.

கயல்விழி முதலில் எழுதியது தன் கட்டுரையைத்தான். கொழுந்துக் கறை ஏறிய அம்மாவின் விரல்கள், மழையில் காலில் ஏறும் அட்டை, எடை போடும் இடத்தில் கூடையை இறக்கும்போது முதுகு விடும் மூச்சு. பிரீத்திகா அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இந்த மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும் கயல். எங்கப்பா லேத்தைப் பத்தி. நான் சொல்றேன், நீ எழுது."

"சரிங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு மற்றவர்கள். கருமத்தம்பட்டி ஆல்வின் தன் அப்பா ஓட்டும் விசைத்தறியைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, கிரைண்டர் பட்டறை என்று ஆளுக்கொன்று வந்து குவிந்தது. கயல்விழி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். நேரம் நெருக்கியபோது, தன் கட்டுரையிலிருந்த நல்ல வரிகளை ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டாள். தொடக்கம் ஒருத்திக்கு, முடிவு ஒருத்தனுக்கு, முதுகு விடும் மூச்சு ஆல்வின் அப்பாவுக்கு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அந்த நம்பிக்கை.

ஏற்றும் நாளன்று பிரீத்திகாவுடையதை முதலில் ஏற்றினாள். பிறகு ஒவ்வொருவராக. தன்னுடையதைக் கடைசியில். விசேஷ வீட்டில் பரிமாறுகிறவள் எல்லாரும் எழுந்த பிறகுதானே உட்காருவாள்? அப்படியே வளர்ந்த பெண் அப்படியே செய்தாள். பந்திக்கு முந்த வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

மென்பொருளுக்குப் பந்தி தெரியாது. முதலில் வந்தது அசல், பின்னால் வந்தது நகல். அதற்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். மற்றவர்களிடம் ஒத்துப்போனது ஒன்றிரண்டு வரி, மன்னிக்கக்கூடிய அளவு. கயல்விழியின் கட்டுரையில் எல்லாருடைய வரியும் இருந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு.

துறைத்தலைவர் முதலில் பிரீத்திகாவைக் கூப்பிட்டார். கயல்விழி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே பேசியது கேட்டது.

"நானே எழுதினதுங்க சார். என் லேப்டாப்லதான் இருக்குது, வேணும்னா பாருங்க."

வெளியே வந்த பிரீத்திகா தரையைப் பார்த்தபடியே போய்விட்டாள். அதன்பிறகு இவள் முறை. சைதன்யா மேடமும் உள்ளே இருந்தார்.

"உன் எழுத்து எனக்குத் தெரியும்மா" என்றார் மேடம். "உள்ளதைச் சொல்லிரு. யாருக்கெல்லாம் எழுதிக் குடுத்தே?"

கல்லூரியின் விதி எல்லாருக்கும் மனப்பாடம்: கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே தண்டனை, அந்தப் பேப்பர் ரத்து. அடுத்த வாரம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. இங்கிலீஷில் எழுதும் வேலை. ஒரு பேப்பர் நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாரும் விழுவார்கள், அதனால் அவள் எழுந்துவிடப் போவதில்லை. அதை அவள் அங்கே நின்றே கணக்குப் போட்டுவிட்டாள்.

"நான்தானுங்க மத்தவங்களுதிலிருந்து எடுத்துப்போட்டேன்."

"பாத்தீங்களா மேடம், ஒத்துக்கறா" என்று துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். மேடம் ஒன்றும் பேசவில்லை. தற்காலிக வேலையில் இருப்பவர் துறைத்தலைவர் முன்னால் என்ன பேசிவிட முடியும்? பேசியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விஷயம் முடிந்தது.

மலைக்குப் போகும் பஸ்ஸில் ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அம்மாவிடம் ஒரு பேப்பர் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். பொன்னாத்தாள் அவள் தலையைத் தடவினாள்.

"போனாப் போகுது உடு கண்ணு. எழுதிக்கலாம்."

எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் அடுத்த பரீட்சைவரை வீடு காத்திருக்காது. கோடை முடியுமுன் கயல்விழி எஸ்டேட் ஆபீஸில் பேர் பதிந்தாள். கத்திரி பிடித்து முதல் வாரமே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மகளின் கையைப் பார்க்கப் பொன்னாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வீடு நிலைத்ததில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் கயல்விழியை அதிகமாகக் குத்தியது.

மழை பிடித்த பிறகு ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் சோறு கொண்டுவந்த அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பிரீத்திகாவிடமிருந்து செய்தி வந்தது. "கயல், எம்மேல கோவமா இருப்பே. எனக்கு வேற வழி தெரியல. சரவணம்பட்டி ஆபீஸ்ல ஒரு டீ கம்பெனி வெப்சைட்டுக்குக் கொழுந்து பறிக்கிறவங்களைப் பத்தி அழகா எழுதச் சொல்லியிருக்காங்க. நாளைக்குள்ள குடுக்கணும், எனக்கு ஒண்ணும் வர்ல. உனக்குத்தான் தெரியுமே. கொஞ்சம் எழுதித் தா."

கயல்விழி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கைபேசியைப் பள்ளத்தில் வீசிவிடலாம் போலிருந்தது. ஆனால் முதல் வாக்கியம் இங்கிலீஷில் அதற்குள் மனதில் வந்து நின்றுவிட்டது, பிழையில்லாமல், அழகாக. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. கொப்பளம் உடைந்த கட்டைவிரலால் தட்டத் தொடங்கினாள்.

"யாருக்கு கண்ணு?" என்றாள் பொன்னாத்தாள்.

"பிரீத்திகாவுக்குங்மா."

"அந்தப் புள்ளைக்கு வேலை கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்மா. எழுதற வேலை."

"நல்லா இருக்கட்டும்." பொன்னாத்தாள் சோற்றுப் போசியை மூடினாள். "நல்லா எழுதுமா அந்தப் புள்ள?"

கயல்விழி தலையைத் தூக்கவில்லை.

"நல்லா எழுதுவாங்மா."