போர்த்தேங்காய் அடித்த கை

சித்திரை வருடப்பிறப்பு என்றால் மற்றவர்களுக்குக் கைவிசேஷக் காசும் பலகாரமும். எனக்கு நடுக்கம். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நானும் மனைவியும் வந்து கொட்டில் போட்ட நாள் தொட்டு, வருடா வருடம் வாய்க்கால் கரை மருதமரத்தடியில் போர்த்தேங்காய் அடித்துத் தோற்பதை ஒரு கடமையாகவே செய்துவந்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் உரித்த தேங்காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தன் தேங்காயை இறுக்கிப் பிடித்து அதன்மேல் ஓங்கி அடிப்பார். எவருடையது உடைகிறதோ அவர் தோற்றார். உடைந்த தேங்காய் வென்றவருக்கு. அன்றைய கறிக்கு அதில்தான் பால் பிழிவார்கள். அடிக்கிற கை சற்று நடுங்கினாலும் தேங்காய் பிடியில் புரண்டு, பக்கவாட்டில் பட்டு, அடித்தவருடையதே பிளந்துவிடும். வீட்டுக் கோடியில் தனியே அடித்துப் பார்த்தால் எனக்குக் கை அசையாது. மருதமரத்தடியில் சனம் சுற்றி நின்று வாயை மூடியதும் விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிடும்.

செய்யாத வைத்தியமில்லை. வெற்றிலை போட்டுப் பார்த்தேன். ஒரு வருடம் யாரோ சொன்னதைக் கேட்டுக் கள்ளுக் குடித்துவிட்டுப் போனேன். அன்று நடுக்கம் இல்லைத்தான்; தேங்காயை விட்டுவிட்டு என் கால் பெருவிரலில் அடித்தேன். எப்போதும் என்னோடு மோதுகிற வண்டில்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

என் மனைவி நக்கல்காரி. நான் புறப்படும்போது தேங்காய் துருவுகிற திருவலையைக் கழுவிக் குசினி வாசலில் வைப்பாள். வெறுங்கையோடு திரும்பி வந்தால் அதை அப்படியே எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். எனக்குக் கோபம் வரும். பிறகு இருவரும் சிரிப்போம். அவளுக்கும் ஒரு வைத்தியம் இருந்தது.

"இஞ்சேருங்கோ, தேங்காயைப் பாத்தா நடுங்கத்தான் செய்யும். நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி திறப்பினமோ எண்டு யோசிச்சுக்கொண்டு அடியுங்கோ."

அதையும் செய்து பார்த்தேன். தண்ணீர் திறப்பார்களா என்ற கவலையும் சேர்ந்துகொண்டு இரட்டை நடுக்கம் ஆனது. ஒருமுறை வென்று, அந்தத் திருவலைக்கு வேலை கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒரு மாரியில், களை பிடுங்கப் போன இடத்தில் அவளைப் பாம்பு தீண்டியது. லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகளும் இல்லை. வருடம் முடிந்து செய்கிற ஆட்டைத் திவசம் வரை வீட்டில் கொண்டாட்டம் எதுவும் கிடையாது என்பதால் அந்த வருடப்பிறப்புக்கு நான் போகவில்லை. அடுத்த வருடப்பிறப்புக்கு வண்டில்காரரே வந்து கூப்பிட்டார். மறுத்துக் காரணம் சொல்வதற்கும் அலுப்பாக இருந்தது. போனேன்.

அவர் தேங்காயை வைத்தார். சனம் வாயை மூடியது. நான் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. அவள் சொன்னபடி வேறு ஏதாவது நினைக்கலாம் என்று பார்த்தேன். நினைக்க ஒன்றும் வரவில்லை. ஓங்கி அடித்தேன். அவருடைய தேங்காய் இரண்டாகப் பிளந்தது. என்னுடையதில் ஒரு கீறலும் இல்லை. சனம் கூவியது. எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. வெயில் சுடுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

வண்டில்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. உடைந்த பாதிகளை என் கையில் தந்துவிட்டு, "உங்கட பயம் இப்பதான் விட்டிருக்கு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பயப்படுவதற்கு என்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்க நினைத்தேன். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

குசினி வாசல் வெறுமையாக இருந்தது. திருவலையை மூலையில் தேடி எடுத்தேன். தூசி படிந்து, பல்லில் துருப் பிடித்திருந்தது. கழுவித் துடைத்து, ஏறி உட்கார்ந்து துருவத் தொடங்கினேன். கை நடுங்கட்டும் என்று காத்திருந்தேன். அது நடுங்கவில்லை. பழக்கமில்லாத வேலை, ஆனால் விரலில் ஒரு கீறல்கூடப் படவில்லை.

இரண்டு பாதியையும் துருவி முடித்த பிறகுதான், ஒரு ஆளுக்கு இவ்வளவு வேண்டாம் என்று தெரிந்தது.