தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்னேன்

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா ஒரு தடவை நீதிமன்றத்தில் நின்றது உங்களுக்குத் தெரியும். நான் கூட இருந்ததால்தான் தப்பித்தார் என்று அம்மா சொல்லியிருப்பாள். அது உண்மை இல்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் சிறைக்குப் போயிருப்பார்.

அப்போது அவர் மெர்போக் பக்கம் ஒரு குத்தகைக்காரரிடம் லாரி ஓட்டினார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் வேலை. ஒருநாள் ஏற்றியது பக்கத்துத் தோட்டத்துக் குலைகள் என்று புகார் வந்தது. குத்தகைக்காரர் கைவிரித்துவிட்டார். திருட்டு வழக்கு உங்கள் சித்தப்பா தலையில் விழுந்தது.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். காலைப் பெரட்டில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது குற்றம் சொன்னால், கையைக் கட்டிக்கொண்டு "தப்புதாங்க" என்போம். மானேஜர் கத்துவார், அதோடு முடிந்தது. எதிர்த்துப் பேசியவன்தான் வீட்டைக் காலி செய்வான். நீதிமன்றமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

விலங்கோடு அவரைக் கொண்டுவந்து நீதிமன்ற நடைபாதையில் உட்கார வைத்தார்கள்.

"கேட்டா ஒத்துக்கிட்டு கும்புட்டுருடா. விட்டுருவாங்க."

"நான் திருடலண்ணே."

"அத யாரு கேட்டா இப்ப? வீட்டுக்கு வரணுமா வேணாமா?"

அப்போதுதான், வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் இலவச வழக்கறிஞர் வந்தார். சின்ன வயதுப் பெண். கை நிறைய கோப்புகள். அன்று காலை அவர் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் பலர் வரிசையில் இருந்தார்கள்.

எனக்கு நம்பிக்கையில்லை. "சும்மா வர்ற லாயரு என்னம்மா செய்யப் போறீங்க? அவன் ஒத்துக்கட்டும். நீங்களும் சீக்கிரம் சாப்பிடப் போகலாம் லா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் இன்னும் பசியாறவே இல்லண்ணே. ஒத்துக்கிட்டா இன்னைக்கே உள்ள அனுப்பலாம். அப்புறம் இவர நம்பி யாரு லாரி குடுப்பா?"

கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், ஆட்கள் இடித்துக்கொண்டு போக, போலீஸ்காரர் அருகிலேயே நிற்க, சித்தப்பாவின் காதருகே குனிந்து கேட்டார்: "அந்தக் குலைய ஏத்தச் சொன்னது யாரு?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. சொந்த அண்ணன் நானும் கேட்கவில்லை.

"முதலாளிதான். வாட்ஸ்அப்ல பேசி அனுப்புனாரு."

உள்ளே கூப்பிட்டுக் குற்றச்சாட்டை வாசித்ததும் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு, "செய்யல. விசாரணை வேணும்" என்றார்.

அவருடைய கைப்பேசி, பாக்கார் ஆராங்கில் இருந்த அவர் வீட்டில் சித்தியிடம் இருந்தது. குத்தகைக்காரர் குரல் அதில் தெளிவாகக் கேட்டது: "இடது பக்கம் குவிச்சிருக்கிறத ஏத்து, அது நம்மளுதுதான்."

ஆனாலும் மாதக்கணக்கில் இழுத்தது. அந்த வழக்கறிஞர் ஒவ்வொரு தவணைக்கும் வந்தார். இரண்டு முறை நாள் முழுக்கக் காத்திருந்தும் வழக்கை எடுக்கவில்லை. கடைசியில் அரசுத் தரப்பு அந்தக் குரலைக் கேட்டு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சித்தப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நன்றி சொல்ல வழக்கறிஞரைத் தேடினேன். அவர் அடுத்த கைதியின் பக்கத்தில், நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அரைநாள் விடுப்பு எடுத்து, நீதிமன்ற அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில், அடித்து அடித்துத் திருத்தி ஒரு கடிதம் எழுதியிருந்தேன். இந்த இலவச வழக்கறிஞர்கள் ஆட்களோடு பேச கதவுள்ள ஓர் அறை வேண்டும், ஒருவருக்கே இத்தனை பேரைக் கொடுக்க வேண்டாம் என்று. முகப்பில் இருந்த பெண் படித்துவிட்டு, எந்த வழக்குக்காக என்று கேட்டார்.

எங்கள் வழக்கு முடிந்துவிட்டது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.