சைக்கிள் சில்லில் ஓடிய கடைசி அல்பம்

சண்டைக் காலம். வன்னியில், ஸ்கந்தபுரத்தில் அப்போது கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கசற் பெட்டிக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சுற்றுகிறவள் என் சிநேகிதி. அடுத்த வளவுக்காரி. மலைநாட்டில் இருந்து வந்து வயல் செய்கிற குடும்பம். உயர்தர வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. எங்களிடம் ஒரு முறை இருந்தது: பாட்டு முடியும்வரை கையை எடுக்கக் கூடாது, முடிந்ததும் ஆறலாம்.

எனக்கு ஆங்கில றொக் பாட்டில் பைத்தியம். ரொறன்ரோவில் இருந்த பெரியம்மாவின் மகனுக்கு அது தெரியும். அண்ணா அங்கே சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு சின்னத் தமிழ்ச் சஞ்சிகை நடத்தினார். ஒருநாள் வவுனியாவில் இருந்து வந்த ஆளிடம் ஒரு கசற்றும் கடிதமும் கொடுத்துவிட்டிருந்தார். எனக்குப் பிடித்த குழு பிரிந்துவிட்டதாம். இதுதான் அவர்களுடைய கடைசி அல்பமாம். அங்கே எல்லோரும் திட்டுகிறார்களாம். நான் கேட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினால் போடுவாராம். பள்ளிக்கூடக் கையெழுத்துச் சஞ்சிகையைத் தாண்டாத எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்று பின்னேரம் கேட்டோம். ஒவ்வொரு பாட்டும் துள்ளலோடு தொடங்கி, முடிவை நெருங்க நெருங்கத் தளர்ந்தது. பாடகரின் குரல் தடித்தது, கிற்றார் இழுபட்டது. நான் சொக்கிப்போனேன். பிரியப்போகிறவர்கள் ஒவ்வொரு பாட்டிலும் ஒருதரம் விடைபெறுகிறார்கள் என்று எழுதினேன். திட்டுகிறவர்களுக்குக் காது இல்லை என்றும் எழுதினேன். கடிதம் போனது.

சில மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க எல்லை தாண்டும் பாஸ் கிடைத்து வவுனியா போனோம். அங்கே இருந்த சித்தி வீட்டில் சஞ்சிகை எனக்காகக் காத்திருந்தது. என் பெயரோடு என் இரண்டு பக்கம். கூடவே அண்ணாவின் துண்டுக் கடிதம்: அதை வாசித்தபிறகு இரண்டு பேருக்கு அந்தத் தளர்ச்சி கேட்கத் தொடங்கிவிட்டதாம்.

சித்தி வீட்டில் கரண்ட் இருந்தது. ஒருதரம் கரண்டில் கேட்க ஆசைப்பட்டுக் கொண்டுபோன கசற்றைப் போட்டேன். முதல் பாட்டு தொடங்கிய வேகத்திலேயே முடிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. எல்லாம் ஒரே அவசரம், ஒரே சாயல். திட்டினவர்கள் சொன்னது பெரிய பிழையில்லை.

தமிழ்ப் பாட்டுகளும் எங்கள் வீட்டில் அப்படித் தளர்ந்துதான் ஓடின. ஆனால் தெரிந்த பாட்டு என்றால் மனம் தானாகச் சரிப்படுத்திவிடும். இந்த அல்பத்தை நான் முன்பு கேட்டதில்லை. சைக்கிள் சொன்னதையே நம்பிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் சிநேகிதியிடம் சொன்னேன்.

"அப்ப நீ மெச்சி எழுதினது என்ர கை உளைவையே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நீ கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீ. நான் என்ன, பாட்டை நிப்பாட்டுறதே?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அச்சில் வந்தது வந்ததுதான், ரொறன்ரோவில் யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடுவோம் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ரெண்டு பேருக்கு இல்லாதது கேக்குதெண்டு சொன்னியே. அதுகள் பாவமடி. உள்ளதை எழுது. சுத்தினது ஆரெண்டும் எழுது."

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் கட்டுரை ஒரே மூச்சில் வந்தது, இதற்கு நாலு நாள் எடுத்தது. அல்பம் சுமார்தான் என்றும், நான் புகழ்ந்த இடங்கள் எல்லாம் என் சிநேகிதியின் கை சோர்ந்த இடங்கள் என்றும் எழுதினேன். அவள் வாங்கி வாசித்தாள். தனக்கு ஒருநாளும் கை சோரவில்லை, பாட்டு நல்லாயில்லை என்றுதான் மெதுவாகச் சுற்றியதாகச் சொல்லி, அந்த வரியை வெட்டச் சொன்னாள்.

நான் வெட்டவில்லை. கடிதம் அப்படியே போனது. அவள் ஒரு கிழமை முழுக்கச் சுற்ற வரவில்லை.