சேற்றில் நிற்காத மெஷின்

நத்தம் சாலையில் குவாரி லாரிகள் திரும்பும் இடத்தில் இறங்கி, பெருமாயி வீடு எது என்று யாரைக் கேட்டாலும் "சத்தம் வர்ற பக்கமாப் போங்க" என்பார்கள். ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். நிறுத்தாமல் போன பஸ்ஸை மறுநாள் நடுரோட்டில் உட்கார்ந்து நிறுத்தியவள். பூ மார்க்கெட்டில் எடையில் கை வைத்த ஆளைத் தராசோடு வெளியே இழுத்து வந்தவள். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று "விடு பெருமாயி, விடு" என்று முனகுவது அவள் புருஷன் முத்துச்சாமியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வேலையை அவர் ஒழுங்காகச் செய்துவந்தார்.

குளத்துக்குக் கீழே இருக்கும் கிணறு இருவரும் சேர்ந்து வெட்டியது. அவர் வெட்ட, அவள் மண் சுமந்தாள். மகள் தமிழ்மதி வயிற்றில் இருந்தபோதும் சுமந்தாள். மண் இருக்கும் ஆழம்வரை கருங்கல் கட்டு, அதற்குக் கீழே பாறை. மல்லிகைத் தோட்டமும் மகளின் படிப்பும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தன. குவாரியில் வெடி வைத்து, அந்தக் கட்டிலிருந்து கல் பெயர்ந்து விழத் தொடங்கினால் அவளுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

கோடையில் வெடித்தால் வீட்டுப் பாத்திரம் லேசாக அதிரும், அவ்வளவுதான். ஐப்பசியில் குளம் பெருகி, ஊற்று ஏறி, தோட்டம் சொதசொதவென்று ஆனபின் அதே வெடி கால் வழியாக ஏறி நெஞ்சில் முட்டும். மனு மேல் மனு கொடுத்தாள். அதிர்வை அளக்க வந்தவர்கள் எல்லாரும் சித்திரை வெயிலில்தான் வந்தார்கள். காய்ந்த மேட்டில் மெஷினை வைத்து, அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். இளநீர் வாங்கிக் கொடுத்தது குவாரி மேனேஜர் பாக்கியராஜ்.

இந்தக் கார்த்திகையில் அவள் கனிமவள ஆபீஸ் வாசலில் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு ஒருவழியாகப் பலன் கிடைத்தது. இசைவாணி என்ற இளம் அதிகாரி வந்தாள். வந்தவளும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கே நடந்தாள். பெருமாயி குறுக்கே போய் நின்றாள்.

"அங்க எதுக்குப் போறீக? எங் கெணறு இங்கயில்ல இருக்கு!"

"சேத்துல மெஷின் நிக்காதும்மா."

"மெஷினே நிக்காதுன்னா எங் கெணத்துக் கட்டு எப்பிடித் தாயி நிக்கும்?"

இசைவாணி நின்றுவிட்டாள். நல்ல பெண், மறைக்காமல் சொன்னாள். "நீங்க சொல்றது சரிதாம்மா. காஞ்ச மண்ணு இடுக்குல எல்லாம் காத்து இருக்கும். அதிர்வு வந்தா மண்ணு நசுங்கி, பாதி அதுலயே அடங்கிடும். அந்த இடுக்கு பூரா தண்ணி நெறஞ்சிட்டா நசுங்க எடமில்ல. அப்படியே தள்ளிக்கிட்டு ரொம்ப தூரம் வந்துரும். மண்ணோட பிடிப்பும் விட்டுப்போயிரும்."

பாக்கியராஜ் அதைப் பிடித்துக்கொண்டான். "அப்ப தப்பு வெடி மேல இல்லயே மேடம். இவங்க தண்ணி பாய்ச்சுறதாலதான? வெடி வைக்கிற நாள்ல பாய்ச்ச வேணாம்னு சொல்லுங்க."

கேட்டீர்களா இந்த நியாயத்தை! விவசாயி தண்ணீர் பாய்ச்சியது குற்றமாம். குளம் நிரம்பியதும் குற்றம் என்பான் போலிருக்கிறது.

"ஏலே, மழைகிட்டயும் போய்ச் சொல்லுலே, நீ வெடி வைக்கிற அன்னைக்குப் பெய்யக் கூடாதுன்னு!"

அவள் கத்திய கத்தலில் தென்னையில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. முத்துச்சாமி வழக்கம்போல "விடு பெருமாயி" என்றார். அவள் விடவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கிணற்றோரம் ஈரமண்ணில் குழி வெட்டி, "இதுல பொதைச்சு வை தாயி" என்றாள். இசைவாணி மெஷினைக் குழியில் இறக்கி, சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வழக்கமாக வைக்கிற வெடியையே வைக்கும்படி குவாரிக்குப் போன் செய்தாள்.

குவாரியில் எச்சரிக்கைச் சங்கு ஊதினார்கள். அதிர்வு முதலில் காலில் அடித்தது. சத்தம் பிறகுதான் காதுக்கு வந்தது. அதற்குள் கிணற்றுக் கட்டின் குளத்துப்பக்கம் உப்பியது. ஒரு கல் விழுந்தது. பின்னாலேயே கட்டு மொத்தமும், கூழாகிப்போன மண்ணும், மோட்டார் குழாயும் உள்ளே சரிந்தன.

சரிவுக்குத் தப்பிய மெஷினை இசைவாணி எடுத்துப் பார்த்தாள். "அளவு தாண்டிருச்சும்மா," என்றாள் மெல்ல. "நீங்க சொன்னது நெசம்னு ஆயிருச்சு. இனி வெடிக்க விடமாட்டோம்."

நெசம் என்று ஆவதற்கு ஒரு கிணறு விழ வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அவள் தொண்டை கிழியக் கத்தியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பெருமாயி வாய் திறக்கவில்லை. கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தமில்லாத பெருமாயியைக் கண்டு தைரியம் வந்த பாக்கியராஜ் மெல்ல பைக் பக்கம் நகர்ந்தான். அவன் உட்காருமுன் முத்துச்சாமி போய்ச் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"ஏ பெருமாயி, ஏன் பேசாம நிக்கிற?" என்று கத்தினார். "பேசு. இவன விடாத."