வேலியடித் தேக்கு

மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, வேலியடியில் நின்ற தேக்கு மஞ்சளடித்து இலை கொட்டத் தொடங்கியது. ஈரத்துக்குள் நின்று மரம் காயுமா? புத்தூரில் எங்கடை வளவின் பின்பக்கம் நிற்கிற தேக்கெல்லாம், மகளுக்குக் கட்டப்போகிற வீட்டின் கதவுக்கும் யன்னலுக்கும் என்று வைத்தவை. இந்த மஞ்சளடித்ததற்குப் பக்கத்தில் நின்றதுதான் எல்லாத்திலும் நேரானது. முன்கதவு அதிலைதான் என்று மனிசி எப்பவோ முடிவெடுத்துவிட்டா.

அடிமரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கண்டதும் அவதான். “உது துறப்பணம் போட்ட ஓட்டை” என்று சொன்னா. துளைத்துப் பெருங்காயம் அடைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்பது எங்கடை ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வேலிக்கு அங்காலை இருக்கிற அயல்வீட்டுத் தம்பியோ, தேக்கு நிழல் தன்ரை வெங்காயத் தறையிலை விழுகுதென்று போன போகமும் முறுகினவன். அச்சுவேலிச் சந்தையில் அவன் பெருங்காயம் வாங்கினதை நானே கண்டேன். ரசத்துக்கு அவ்வளவு தேவையோ? குனிந்து ஓட்டையை மணந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மழை கழுவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனோடு கதையை நிற்பாட்டினேன்.

கொஞ்ச நாளில் அவன்ரை பலாவும் இலை கொட்டியது. எங்களை ஏய்க்கத் தன் மரத்துக்கும் தானே போட்டிருப்பானோ என்றுகூட யோசித்தேன். ஒரு விடியப்புறம் பார்த்தால், பலாவடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

“என்ன தம்பி மணக்கிறாய்?”

“நீங்கள் அண்டைக்கு மணந்ததைத்தான், அண்ணை.”

என்னைப்போய்ச் சந்தேகப்படுகிறானே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

கடைசியில் மரநோய் பார்க்கிற உத்தியோகத்தராய் இளம் பிள்ளை ஒருத்தி வந்தா. அலவாங்கால் கிளறச் சொல்லி வேரைக் காட்டினா. வெள்ளை நூல் படர்ந்தமாதிரிப் பங்கசு, அதுதான் பூஞ்சணம். தேக்கின் வேரும் பலாவின் வேரும் வேலிக்குக் கீழே பின்னிக் கிடந்தன. ஓட்டைகள், மரம் நலிந்தபிறகு வந்த வண்டின் வேலையாம். எந்தப் பக்கம் முதலில் தொடங்கினது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாயாகக் கேட்டோம். அது சொல்லேலாது என்றா. வேலியைக் கழற்றி, நோய்பிடித்த வேரெல்லாம் கிளப்பி, அந்த இடத்திலேயே வாய்க்கால்மாதிரி ஆழமாய்க் கான் வெட்டினால் மற்ற மரங்கள் தப்பலாம்; அவரவர் வளவுக்குள் தள்ளி வெட்டினால் கானுக்கும் வேலிக்கும் நடுவில் நிற்கிறவை பாடு கடவுள் விட்ட வழி என்று சொல்லிப் போட்டுப் போனா.

வேலியைக் கழற்றுவதென்றால் எல்லைக்கு நட்ட கதியால் தடி ஒவ்வொன்றையும் பிடுங்க வேணும். மனிசி என் காதுக்குள் கேட்டா: “பிடுங்கின கதியால் திரும்ப அதே இடத்திலை அதே கிடங்குக்குள்ளை இறங்குமெண்டதுக்கு ஆர் பொறுப்பு?” அங்காலை அவன்ரை மனிசியும் அவன் காதுக்குள் என்னவோ சொன்னா. ஒருவரும் கதியாலில் கை வைக்கவில்லை.

முன்கதவு மரத்தை வேலிப்பக்கம் விட்டுவிட்டு, அதற்கு இங்காலை நான் கான் வெட்டினேன். அவன் தன்ரை காய்க்கிற மாமரத்தை விட்டுவிட்டு அதற்கு அங்காலை வெட்டினான்.

அடுத்த மாரியில் முன்கதவு மரத்தின் உச்சி மஞ்சளடித்தது. மனிசியைக் கூப்பிட்டேன். கான் விளிம்பில் வந்து நின்று கனநேரம் பார்த்தா. மரத்தையில்லை. கதியால் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிறதோ என்றுதான்.